பெட்டியைத் திறப்பார் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பலகை விளையாட்டு ஒன்றை ஆக்கி வெளியிட்ட மூன்று குடும்பத்தார் சார்பில் படிக்கப்பெற்ற உரை)



சொந்தச் செலவில் ஒரு பலகை விளையாட்டை ஆக்கி வெளியிட்டவர், அதற்கு மதிப்புரையும் விளம்பரமும் பெறும் வழி யாது என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். இத்துறையில் வென்றவர் பலர் இருக்க எங்களை ஏன் அழைத்தார் என்று முதலில் வியந்தோம். பின்னர் ஒருவாறு தெளிந்தோம். அடிபட்டவன் அடிபட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுவான் அன்றோ? அந்தப் பயன் கருதியே அழைத்திருக்கிறார் போலும். எங்கள் விளையாட்டின் பெயரை இவ்வுரையில் எங்கும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உரையே விளம்பரமாகிவிடும். செயலாளர் அதற்குக் கட்டணம் கேட்பார்.

நாம் வந்து குடியேறியிருக்கும் இப்புனே நகரம் விளையாட்டுக்குப் புதியதன்று. இன்று உலகெங்கும் ஆடப்பெறும் இறகுப்பந்தாட்டத்தை 1870-களில் இங்கிருந்த ஆங்கிலப் படையதிகாரிகள் விரும்பி ஆடினர். அவ்வாட்டத்திற்குப் ‘பூனா’ என்றே ஒரு பெயரும் வழங்கிற்று. பின்னர் இங்கிலாந்தில், பியூஃபோர்ட் பிரபுவின் பாட்மின்டன் மாளிகையில் விருந்தினர் பலர் கூடி ஆடினர்; பாட்மின்டன் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. ஆடி வளர்த்த ஊரின் பெயர் மறைந்தது; பலர் கூடிக் கண்ட வீட்டின் பெயர் உலகேறிற்று. விளம்பரம் என்னும் பொருளின் வலிமையை அறிய இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் இவ்வட்டாரத்ததே. நம் வாகடிலிருந்து ஒரு காலைப் பொழுதில் சென்று திரும்பத்தக்க ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதி இருக்கிறது. பாம்பும் ஏணியும் அமைந்த மோட்சபடத்தை 13-ஆம் நூற்றாண்டினரான அம்மகானே ஆக்கினார் என்று மராட்டிய மக்கள் மரபாகச் சொல்லுவர். வரலாற்றறிஞர் இதனை உறுதிசெய்யவில்லை; ஆயினும் நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் விரித்து வைத்த பரமபத சோபான படத்திற்கு இது நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை. அப்படத்திற்கு யார் விளம்பரம் செய்தார்? எந்தப் பத்திரிகை மதிப்புரை எழுதிற்று? ஒருவரும் இலர். கண்விழிக்க வேண்டிய இரவு ஒன்று இருந்தது. சொல்லிக் கொடுக்கப் பாட்டி ஒருத்தி இருந்தாள். தாயக்கட்டையை உருட்டக் குழந்தைகள் இருந்தன. இந்த மூன்றையும் நாங்கள் மறந்ததே எங்கள் கதையின் தொடக்கம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எங்கள் மூன்று குடும்பங்களுக்கும் இந்த ஆசை பிறந்தது. ஹிஞ்சவடியில் கணிப்பொறி வேலை பார்ப்போர் எங்களுள் உண்டு. பள்ளி ஆசிரியை ஒருவரும் உண்டு. ஓவியம் வரையத் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தியும் உண்டு. புனேயிலிருந்து பொங்கலுக்கு ஊர் போய்ச் சேரும் இரயில் பயணமே எங்கள் விளையாட்டின் பொருள். தௌண்ட், சோலாப்பூர், வாடி, குந்தக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம் என்று நிலையங்கள் பலகையில் வரும். ஆடுவோர் கையில் ஊறுகாய் ஜாடியும் ஊர்க்காரர் கேட்டனுப்பிய பொருள்களும் சீட்டுகளாக இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பயணச்சீட்டு உறுதியாகுமா ஆகாதா என்பதைப் பகடை சொல்லும். நம்மவர் எவரும் இதனை விரும்பாதிருக்க முடியுமா என்று எண்ணினோம்.

500 பெட்டிகள் அச்சிட்டோம். பெட்டி ஒன்றுக்கு 620 ரூபாய் அடக்கம். ஆக 3,10,000 ரூபாய். விலை 1,100 என்று வைத்தோம். ஒரு குடும்பத்தின் பங்கு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். இன்னொன்றின் பங்கு தீபாவளி போனஸ். மூன்றாவது குடும்பத்தின் பங்கு, ஊரில் பாட்டி வாழ்ந்த வீட்டின் கூரையைப் பிரித்து ஓடு மாற்றுவதற்கென்று எடுத்து வைத்த தொகை. “ஆறு மாதத்தில் திரும்பிவிடும்” என்று பாட்டியிடம் சொன்னோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு மாதங்களுக்குப் பின் கணக்குப் பார்த்தோம். விற்றவை 63, அவற்றுள் 40 உறவினர் வாங்கியவை. அன்பளிப்பாகக் கொடுத்தவை 58. எஞ்சிய 379 பெட்டிகளும் கட்டிலின் அடியிலும் அலமாரியின் மேலும் பால்கனியிலும் இருந்தன. பால்கனியில் இருந்தவற்றுள் 22 மழைச்சாரலில் நனைந்து உப்பிவிட்டன.

நாங்கள் விளம்பரம் செய்யாமல் இருந்தோமா? இல்லை. மும்முரமாகச் செய்தோம். செய்த மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

முதலாவது, வெளியீட்டு விழா. பெரியவர்களை அழைத்தோம். பொன்னாடை போர்த்தினோம். எங்கள் விளையாட்டு தமிழ்ப் பண்பாட்டின் திறவுகோல் என்றும், இளைஞர் சமுதாயத்திற்கு வழிகாட்டி என்றும் மேடையில் புகழ்ந்தார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது எங்கள் வீட்டுக் கல்லூரிப் பெண்தான் அதைக் கவனித்தாள். மேசைமேல் வைத்திருந்த பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமலே இருந்தது. அத்தனை பாராட்டும் மூடிய பெட்டிக்கே கிடைத்தது. இதில் பிறரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. விழாவை நடத்தியவர்கள் நாங்கள். பெட்டியைத் திறந்து வைக்காதவர்களும் நாங்களே.

இரண்டாவது, உறவினர் மதிப்புரை. விற்பனைத் தளத்தில் எங்கள் விளையாட்டுக்கு 23 மதிப்புரைகள் வந்தன. அனைத்தும் ஐந்து நட்சத்திரம். அனைத்திலும் “அருமை” என்ற சொல் இருந்தது. பெட்டியே போய்ச் சேராத ஒரு சித்தப்பா, பார்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஐந்து நட்சத்திரம் வழங்கியிருந்தார். அன்பின் மிகுதி என்று அன்று மகிழ்ந்தோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிறுவனம் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான நுகர்வோராக இருக்க வேண்டும், மதிப்புரைகள் நடுநிலையுடன் கையாளப்பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். வெளிவந்தபோது அதனைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. ஆயினும் அதைப் படித்தபோது எங்கள் 23 நட்சத்திர மாலைகளும் வாடிவிட்டன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்க வருபவர் மூடர் அல்லர். குறையே சொல்லாத 23 பேரைக் கண்டதும் அவர் வேறு பக்கம் போய்விடுகிறார்.

மூன்றாவது, கடிதங்கள். விளையாட்டுகளை ஆய்ந்து எழுதுவோர்க்கும், யூடியூபில் ஆடிக்காட்டி விளக்குவோர்க்கும், பத்திரிகைகளுக்குமாக 30 கடிதங்கள் விடுத்தோம். முப்பதும் ஒரே கடிதத்தின் படிகள். “ஐயா அல்லது அம்மையீர்” என்று தொடங்கி, எங்கள் பெருமையை இரண்டு பக்கம் பேசி, ஆட்டம் எத்தனை பேர் ஆடுவது, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதைச் சொல்ல மறந்திருந்தோம். ஒருவரைத் தவிர எவரும் மறுமொழி எழுதவில்லை. அந்த ஒருவரும் கட்டணம் கேட்டார். கொடுத்தால் நன்றாகப் பேசுவதாகவும் உறுதி கூறினார்.

இங்கேதான் எங்களுக்குள் பிளவு வந்தது. கொடுத்துவிடலாம், முதல் திரும்ப வேண்டுமே என்றது ஒரு குடும்பம். விலைக்கு வாங்கிய புகழ் வேண்டா என்றது மற்றொன்று. மூன்றாவது குடும்பம் பேசவில்லை. அது ஓட்டுக் கூரைப் பணம் போட்ட குடும்பம். மூன்று வாரம் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் காப்பி குடிக்கப் போகவில்லை. ஒரே லிஃப்டில் இறங்கும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். பணம் போனாலும் போகட்டும், ஊரை விட்டு வந்த இடத்தில் உறவாக இருந்தவர்களை இழக்கப் போகிறோமோ என்னும் அச்சம் எல்லோர்க்கும் இருந்தது. அதனை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதற்கு விடை தெளிவானது என்பதைப் பிறகு அறிந்தோம். இந்திய விளம்பரத் தரக் குழு 2021-இல் வகுத்த நெறிமுறைப்படி, இணையத்தில் பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு பண்டத்தைப் பேசுபவர் அது விளம்பரம் என்பதைக் காண்போர்க்கு விளங்கக் குறிப்பிட வேண்டும். விளம்பரம் என்று எழுதிவிட்டுப் பணம் கொடுப்பது வாணிகம், அதில் இழிவில்லை. அதனை மதிப்புரை என்று பெயரிட்டு வழங்குவதே பொய். பணம் கொடுத்து விளக்கக் காட்சி செய்விப்பதை முன்னோட்டம் என்க. தம் விருப்பால் ஆடி, தம் கருத்தைத் தாமே எழுதுவதை மதிப்புரை என்க. இவ்விரண்டையும் வேறு வேறாக வைத்திருந்தால் எங்கள் காப்பி நின்றிராது.

அந்த மூன்று வாரத்தில் செய்த நற்செயல் ஒன்று உண்டு. முன்னோர் இவ்வழியில் எப்படி நடந்தார்கள் என்று தேடிப் படித்தோம்.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், 1930-களின் பஞ்ச காலத்தில் வேலையிழந்து, எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதனை எடுத்து, ஸ்கிராபிள் என்று பெயரிட்டு, தாமே செய்து விற்றார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நட்டம் கண்டார். 1952-இல் மேசிஸ் என்னும் பெருங்கடையின் தலைவர் ஜாக் ஸ்ட்ராஸ் விடுமுறையில் இதனை ஆடி மகிழ்ந்து, திரும்பியதும் தம் கடையில் இல்லாதது கண்டு வரவழைத்தார் என்று கூறுவர். நான்காண்டு முயற்சியால் திறவாத கதவு, ஒருவர் உட்கார்ந்து ஆடியதால் திறந்தது.

கனடா நாட்டில் மாண்ட்ரியால் நகரத்துப் பத்திரிகையாளர்களான கிரிஸ் ஹேனியும் ஸ்காட் ஆபட்டும் 1979-இல் டிரிவியல் பர்சூட் என்னும் வினாவிடை ஆட்டத்தை எண்ணினர். 1981-இல் ஏறத்தாழ 1,100 பெட்டிகள் செய்தனர். பெட்டி ஒன்றுக்கு 75 டாலர் அடக்கம். கடைக்காரர்க்குக் கொடுத்தது 15 டாலருக்கு. எங்கள் கணக்கே மேல் என்று அன்று இரவு சற்று நிம்மதியாக உறங்கினோம். பின்னர் அமெரிக்காவில் அதற்கு விளம்பரம் செய்த லிண்டா பெசானோ என்னும் அம்மையார், பெரிய விளம்பரப் பலகைகளை நாடவில்லை. வினாக்களில் பெயர் இடம்பெற்ற நடிகர்க்கும் புகழாளர்க்கும் பெட்டியை அனுப்பினார். விளையாட்டுப் பொருள் சந்தைக்கு வரும் கொள்முதலாளர்க்கு முன்கூட்டியே சில வினாச்சீட்டுகளை அஞ்சலில் விடுத்தார். சீட்டைக் கண்டவர் விடை தேடாமல் இருப்பரோ? 1984-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றன.

ஜெர்மனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. விளையாட்டு விமரிசகர் குழு ஒன்று, 1979 முதல் ஆண்டுதோறும் ‘ஆண்டின் விளையாட்டு’ என்று ஒன்றைத் தேர்ந்து அறிவிக்கிறது. அக்குழுவில் விளையாட்டு செய்பவரோ விற்பவரோ இல்லை. ஆய்ந்து எழுதுவோரே உளர். ஆட்டத்தின் கருத்தோடு விதிகள் தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்பதையும் அவர்கள் ஓர் அளவுகோலாக வைத்திருக்கின்றனர். பல்மருத்துவத் துணைத்தொழில் செய்துவந்த கிளௌஸ் டாய்பரின் காட்டான் என்னும் ஆட்டம் 1995-இல் இப்பரிசு பெற்றுப் பின் உலகமெங்கும் பரவியது. நேர்மையான விமரிசனம் ஒரு நாட்டில் வேரூன்றினால், பெயரறியாத ஒருவரும் முன்னுக்கு வர இயலும் என்பதற்கு இது சான்று.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஒவ்வுமோ என்பீர்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தா என்னும் அம்மையார் 2002-இல் கிரீடா என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் முதலியவற்றை மீண்டும் பெட்டியில் இட்டு விற்கலானார். பெட்டியை மட்டும் விற்காமல், ஆடும் முறையை மக்களிடையே சென்று கற்பித்தமையும் அம்முயற்சியின் உயிர். மயிலாப்பூரில் சனவரி மாதம் நிகழும் விழாவில் பூங்காவில் பாயை விரித்துத் தாயப் போட்டியும் பல்லாங்குழிப் போட்டியும் நடத்துவதை அவ்வழிச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். நமக்கு அண்டையிலுள்ள மும்பையில் ஜைன் மேமன் என்பார் அமைத்த ஷாசன் என்னும் அரசியல் ஆட்டம், 2019-இல் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாக உலகெங்கும் ஆதரவாளரிடம் முன்பணம் பெற்று வெளிவந்தது.

முன்பணம் என்றதும் இது புதுமை என்று எண்ணவேண்டா. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது கையொப்பம் வாங்கியே அச்சேற்றினார். நூல் வருமுன் பெயர் எழுதிக்கொடுத்தவர்களே அந்நூலின் முதல் விளம்பரக்காரர்கள். நாங்களோ கையொப்பம் ஒன்றும் வாங்காமல் 500 பெட்டிகளை அச்சிட்டுவிட்டு, பிறகு வாங்குவார் யார் என்று தேடினோம்.

அரங்கேற்றம் என்பதும் நம்முடைய சொல்லே. புலவர் தம் நூலைச் சான்றோர் அவையில் படித்துக் காட்டுவார், அவையோர் வினா எழுப்புவர், தடை சொல்லுவர், புலவர் விடை கூறியாகவேண்டும். கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது எழுந்த தடைகளைப் பற்றி எத்தனை கதைகள்! தடை சொன்னதனால் நூல் குறைந்துவிடவில்லை. இன்று நாம் நடத்தும் வெளியீட்டு விழாவில் பொன்னாடை மட்டும் எஞ்சியிருக்கிறது. தடை சொல்லுபவர் மறைந்துவிட்டார்.

எங்களுக்குத் தடை சொல்ல ஒருவன் வந்தான். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழும் மராட்டியக் குடும்பத்துப் பிள்ளை, பதின்மூன்று வயது. நனைந்த பெட்டி ஒன்றைக் குப்பைக்கு எடுத்துச் செல்லும்போது, “காகா, இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு வாங்கிச் சென்றான். ஒரு வாரம் கழித்துப் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் மூன்று வரி எழுதிக் கொண்டுவந்தான். விதித்தாளின் 14-ஆவது விதி அவனுக்கு விளங்கவில்லை. குந்தக்கல்லில் பின்தங்கியவன் அதன்பின் வெல்லவே முடியாது. அவன் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வீணே உட்கார்ந்திருக்க வேண்டும். படங்கள் நன்றாக இருக்கின்றன. இவ்வளவே அவன் எழுதியது.

எங்களுக்குக் கோபம் வந்தது. சிறுபிள்ளைக்கு என்ன தெரியும் என்றோம். அன்று இரவு மூன்று குடும்பமும், மூன்று வாரத்திற்குப் பின் முதன்முறையாக, ஒரே கூடத்தில் உட்கார்ந்து, அவன் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவே ஆடிப்பார்த்தோம். குந்தக்கல்லில் பின்தங்கியவர் சீட்டுக்கட்டின் பணத்தைப் போட்டவர். அவர் ஒன்றரை மணி நேரம் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். பையன் சொன்னது முற்றும் சரி.

அந்த மூன்று வரியே எங்களுக்குக் கிடைத்த முதல் மதிப்புரை. மேடைப் புகழுரை அனைத்தையும் விட அதுவே எங்களுக்கு உதவிற்று. வள்ளுவர் இடித்துரைக்கும் துணையை ஏன் அத்துணை வற்புறுத்தினார் என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது உணரவில்லை, அன்று உணர்ந்தோம். பின்தங்கியவர்க்குத் ‘தட்கல்’ சீட்டு ஒன்று கிடைக்கும் என்று விதியைத் திருத்தினோம். புதிய சீட்டுகளையும் ஒரே பக்கத்தில் அடங்கும் புதிய விதித்தாளையும் அச்சிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் வைத்தோம். முன்பு வாங்கிய 63 பேர்க்கும் அஞ்சலில் அனுப்பினோம். அவர்களுள் பலர் அப்போதுதான் பெட்டியை முதன்முதலாகத் திறந்தனர் என்பதும் தெரியவந்தது.

இன்னொரு குறையைப் பாட்டி காட்டினாள். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு வயது 78. விதித்தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, “இதில் தமிழ் எங்கே அப்பா?” என்று கேட்டாள். தமிழர் ஊர் போகும் ஆட்டத்திற்கு விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தோம்! வெட்கிப்போய்த் தமிழில் எழுதினோம். மூன்றாம் மாடிப் பையனின் தாயார் மராட்டியில் எழுதிக் கொடுத்தார். பாட்டி இரண்டே நாளில் கற்றாள். நனைந்த பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மாலையில் தோட்டத்துப் பெஞ்சுக்குப் போனாள். அங்கே அப்பையனின் ஆஜி இருந்தார். பாட்டிக்கு மராட்டி வராது. ஆஜிக்குத் தமிழ் வராது. பகடைக்கு மொழி வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் அந்தப் பெஞ்சைச் சுற்றி ஆறேழு பேர் நின்று பார்க்கலாயினர். அந்தக் குடியிருப்பில் மட்டும் 31 பெட்டிகள் விற்றன. பிறகு டாங்கே சௌக் பக்கத்திலிருந்தும் கஸ்பட்டே வஸ்தியிலிருந்தும் கேட்டு வந்தார்கள்.

நாங்கள் கற்றவற்றை, இனி இம்முயற்சியில் இறங்கும் நம் பிள்ளைகளுக்காகச் சுருக்கித் தருகிறோம்.

அச்சிடுவதற்கு முன்பே மதிப்புரை தேடுங்கள். கையால் வரைந்த அட்டையைக் கொண்டு, உங்களை அறியாதவர் பத்துப் பேராவது ஆடட்டும். நீங்கள் வாய்திறவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். விதித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் ஆட முடிகிறதா என்று பாருங்கள். அவர்கள் தலையைச் சொறியும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

மதிப்புரை எழுதுவோரைத் தேர்ந்து அணுகுங்கள். முப்பது பேர்க்கு ஒரே கடிதம் எழுதுவதை விட, ஐந்து பேரின் பழைய மதிப்புரைகளைப் படித்து, அவர் விரும்பும் வகை ஆட்டம் உங்களுடையதாயின், அவர் பெயரிட்டு எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வயது, என்ன விலை, எப்போது கிடைக்கும் என்னும் ஐந்தும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். மக்கள் உட்கார்ந்து ஆடும் படம் ஒன்று இணையுங்கள். மூடிய பெட்டியின் படம் ஒருவர்க்கும் வேண்டியதில்லை. இலவசமாக அனுப்பும் பெட்டிகளை முன்னமே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். 500-இல் 25 எங்கள் அளவு. அனுப்பிய பின் நல்லதே எழுதுக என்று கேளாதீர்கள். குறை எழுதினால் வழக்காடாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு, ஆடிப்பாருங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, ஆட்டத்தைப் பத்து நிமிடத்தில் கற்பிக்கப் பழகுங்கள். சந்தையில், நூலகத்தில், பிறந்தநாள் விருந்தில், இரயிலில் எங்கேனும் பலகை விரிந்தால், விளம்பரம் தானே நடக்கும்.

இனி எங்கள் கணக்கு. கடை எதுவும் எங்கள் பெட்டியை ஏற்கவில்லை. எல்லாம் நேர் விற்பனையே. இதுவரை விற்றவை 232. கைக்கு வந்தது 2,55,200 ரூபாய். போட்ட முதலில் இன்னும் 54,800 ரூபாய் வரவேண்டும். அஞ்சல் செலவும் புதிய தாள் செலவும் இதில் சேரவில்லை. விற்க வேண்டியவை 188 பெட்டிகள். நனைந்த 22-உம் கற்பிப்பதற்குப் பயன்படுகின்றன. பாட்டியின் வீட்டுக் கூரை சென்ற மழையிலும் ஒழுகிற்று. வந்த பணத்தில் முதல் பங்கை மற்ற இரு குடும்பங்களும் அதற்கே விட்டுக்கொடுத்திருக்கின்றன. தைக்குப் பின் ஓடு மாற்றும் வேலை தொடங்கும். காப்பி முன்போல் நடக்கிறது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். நம் சங்கத்தில் கவிதை எழுதுவோர் இருக்கின்றனர். நூல் வெளியிடுவோர் இருக்கின்றனர். நாளை எங்களைப் போல் விளையாட்டு செய்பவரும் வருவர். நம்மவர் என்பதற்காகப் படிக்காமலும் ஆடாமலும் புகழ்வதை இவ்வாண்டோடு நிறுத்திக்கொள்வோமா? வெளியூரில் வாழும் நமக்கு ஒருவரை ஒருவர் தாங்கும் கடமை உண்டு. தாங்குவது என்றால் அவர் செய்ததைத் திறந்து பார்த்து, கண்டதைச் சொல்லுவதும் சேரும். ஆண்டு விழாவில் பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் நான்கு மேசைகளும் பதினாறு நாற்காலிகளும் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றில் நம்மவர் ஆக்கங்களை வைத்து, எழுத ஒரு நோட்டையும் வைத்தால் போதும்.

இன்று அம்முயற்சியை நாங்களே தொடங்கியிருக்கிறோம். மண்டபத்தின் பின்புறம், தண்ணீர்க் குடத்துக்கு அருகில், ஒரு மேசையில் பலகை விரித்திருக்கிறது. பெட்டி விற்பனைக்கு வைக்கவில்லை. மூன்றாம் மாடிப் பையன் கற்பிப்பான். பாட்டி எதிரே ஆடுவாள். பக்கத்தில் நோட்டும் பென்சிலும் உண்டு. பந்திக்குப் பின் வந்து ஆடி, எங்கே அலுப்புத் தட்டிற்று என்பதை எழுதிச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறோம்.